ஆ கியோக் பாடுகிற இடம்

இசைக்கு மொழியில்லை என்று எவராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மொழியில்லையாம், மொழி! எங்கள் லீலாக்கா ஒரு ஹொக்கியன் பாட்டைச் சீனக் கிழவிகள் முகம் சுளிக்காமல் கேட்கிற அளவுக்குப் பாடுவதற்கு எட்டு வயதிலிருந்து நாக்கைச் சுளுக்கிக்கொண்டவள். அவளிடம் போய்க் கேளுங்கள், மொழி உண்டா இல்லையா என்று.

நான் ரபியா. ஜாலான் புசாருக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், மலாய்ப் பெண்கள் போடுகிற பாஜு குரோங், கல்யாண கவுன், எது வந்தாலும் தைப்பேன். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நீளம்தான். இந்த ஊரில் வாய் குட்டையாக இருந்தால் அளவு நாடாவைக்கூட எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

லீலாக்கா தோ பாயோவில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து நம்பர் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். வயது ஐம்பத்தெட்டு. பகலெல்லாம் இருமல், முழங்கால் வலி, மருந்துச் சீட்டு. வருஷத்தில் ஒரு மாதம் மட்டும், சீனர்களின் ஏழாம் மாதத்தில், வெள்ளி ஜிகினா வைத்த கவுனைப் போட்டுக்கொண்டு மேடையேறி ஹொக்கியன் பாட்டுப் பாடுவாள். செத்துப்போனவர்கள் திரும்பி வருகிற மாதம் அது என்பது அவர்கள் நம்பிக்கை. வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை போட்டுப் பாட்டும் கூத்தும் நடத்துவார்கள். அதற்கு கெத்தாய் என்று பெயர். முதல் வரிசை நாற்காலிகளில் உயிரோடு இருக்கிற யாரும் உட்கார மாட்டார்கள். அது வந்து போகிறவர்களுக்கு.

லீலாக்கா தனியாகப் பாடியவள் இல்லை. ஆ கியோக் என்கிற சீனத் தோழியோடு பாடினாள். குவீன்ஸ்டவுனில் பழைய புளோக்கில் இரண்டு வீடும் ஒரே காரிடார். லீலாக்காவின் அம்மா வேலைக்குப் போய்விடுவார். பிள்ளை ஆ கியோக் வீட்டுக் கஞ்சியில் வளர்ந்தது. அந்த வீட்டு ரேடியோ சாயங்காலமானால் ஹொக்கியனில் அழும். இரண்டு சிறுமிகளும் காரிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து அழுவார்களாம். பிற்பாடு ஆ கியோக்குக்குக் கல்யாணமாகித் தோ பாயோவுக்குப் போனாள். அங்கேயே வீடு கேட்டு விண்ணப்பம் போட்டால்தான் ஆயிற்று என்று லீலாக்கா தன் புருஷனைக் குடைந்து எடுத்து, இரண்டு புளோக் தள்ளி வந்து சேர்ந்தாள். ஆ கியோக் மீன் உருண்டை நூடுல்ஸ் கடை போட்டிருந்தாள். சத்தமான பொம்பளை. சிரித்தால் பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

முதல் தடவை மேடை ஏறியபோது சனங்கள் சிரித்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். நிகழ்ச்சி நடத்துகிறவன், விளக்கைக் கூட்டுங்கள், இந்த அம்மா தெரியவில்லை என்று லீலாக்காவின் நிறத்தைச் சொல்லிக் கிண்டலடித்தான். மைதானமே குலுங்கியதாம். சீ, என்ன பிழைப்பு! ஆ கியோக் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, இவளைப் பார்க்க விளக்கு வேண்டாம், உன் மூஞ்சியைப் பார்க்காமல் இருக்கத்தான் விளக்கை அணைக்க வேண்டும் என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்தக் கிண்டலை விட்டுவிட்டான்.

எங்கள் பக்கம் மட்டும் என்ன யோக்கியம்? லீலாக்காவின் சொந்தக்காரர்கள் அவளைப் பேய்க்குப் பாடுகிறவள் என்று பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். நான் கவுன் தைத்துக் கொடுத்தேனே தவிர, ஒரு நாளும் மைதானத்தில் நின்று பார்த்ததில்லை. கொண்டுபோய்க் கொடுப்பேன், ஊதுபத்திப் புகை மூக்கில் ஏறுவதற்குள் பஸ் ஏறிவிடுவேன்.

பாட்டை மட்டும் என் கடையிலேயே கேட்டிருக்கிறேன். அளவு பார்க்க வந்தால் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே ஒத்திகை பார்ப்பார்கள். அதில் ஒன்று இரண்டு பேர் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிற இரண்டு பெண்கள், யார் வீடு முதலில் வரும், யார் தனியாக நடப்பது என்று பேசிக்கொள்கிற பாட்டு என்று லீலாக்கா அர்த்தம் சொன்னாள். ஒரு வரி இவள், ஒரு வரி அவள். நான் பாட்டுக்குக் கடகடவென்று மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பேன். தன் வரி வருகிறபோதெல்லாம் ஆ கியோக் என்னைப் பார்த்து, கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில், "ரபியா, மிஷின் டியாம் லா" என்பாள். சத்தத்தை நிறுத்து என்று அர்த்தம். தீபாவளி ஆர்டர், ஹரி ராயா ஆர்டர் என்று எனக்கு எப்போதும் அவசரம். ஒரு தடவைகூட நிறுத்தினதில்லை.

போன வருஷம் வைகாசியில் லீலாக்காவின் மகள் தாரணிக்குக் கல்யாணம். முகூர்த்தக்கால் நட்ட மறுநாள் ஆ கியோக் செத்துப்போனாள். காலையில் கடையில் சூப் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவள், மத்தியானம் ஆஸ்பத்திரியில் உயிரோடு இல்லை. அவள் புளோக்கின் கீழே ஐந்து நாள் சடங்குக்குக் கூடாரம் போட்டுவிட்டார்கள்.

முகூர்த்தக்கால் நட்டுவிட்டால் கல்யாண வீட்டார் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. லீலாக்காவின் நாத்தனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அது சீனச் சாவு, நம் சாவுகூட இல்லை, அதற்குப் போய் ஏன் இந்த அழுகை என்று கேட்டாளாம். என்ன நாக்கு அது! வெட்டிப் போட்டால் நாய்கூட மோந்து பார்க்காது.

ஆனால் நான் அவளைத் திட்ட என்ன தகுதி? அன்று லீலாக்கா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு போன் போட்டாள். போகட்டுமா ரபியா, ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். நான் போ என்றிருந்தால் போயிருப்பாள்.

"பொண்ணு வாழ்க்கை, லீலாக்கா. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க தலையிலதான் கட்டுவாங்க. போகாதீங்க," என்றேன்.

த்தூ. எங்கள் மார்க்கத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. அடுத்த வீட்டுச் சாஸ்திரத்துக்குப் போய்க் காவல் நின்றேன். நான் மட்டும் ஒரு சாயங்காலம் கூடாரத்துக்குப் போய், வருகிறவர்களுக்கு அங்கே வைக்கிற வேர்க்கடலையில் நாலை உடைத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டேன். லீலாக்கா ஐந்து நாளும் சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் சவ வண்டி புறப்பட்டபோது கையில் மருதாணியோடு ஜன்னலில் நின்றாளாம். இரண்டு நாள் கழித்துக் கல்யாண மண்டபத்தில் சிரித்துக்கொண்டே சந்தனம் கொடுத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலையில் ஒரு நாள் கடைக்கு வந்தாள். ஏழாம் மாதம் வருகிறது, ஆ கியோக்குக்குப் பாட வேண்டும் என்றாள். அவர்கள் வட்டாரத்தில் மேடை ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு விட்டால் இனி அடுத்த வருஷம்.

"நீங்க இதெல்லாம் நம்புறீங்களா, லீலாக்கா?"

"நான் நம்பல. அவ நம்பினா."

அந்த இரட்டைப் பாட்டையே பாடுவாளாம். தன் வரிகளை மட்டும் பாடிவிட்டு, ஆ கியோக்கின் வரிகளைச் சும்மா விட்டுவிடுவாளாம். முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் ஆ கியோக்குக்குப் பிடித்த, பாலும் சீனியும் போடாத காப்பியை வைக்க வேண்டும். சாவுக்குப் போகவில்லை, இதையாவது செய்யாவிட்டால் அந்தப் புளோக்கைத் தாண்டி எப்படி நடப்பேன் என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு நாற்காலி, ஒரு பாட்டு.

அதைக் கெடுக்கத்தான் சுரேந்தர் வந்து சேர்ந்தான். மரியாதை கொடுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் ஏழாம் மாத விழா எடுத்த சீனப் பெரியவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் வழியில்லை. நல்லிணக்க ராகங்கள் என்று ஒரு அமைப்பு வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் நான் ஏற்பாடு செய்கிறேன், நாங்கள் வீடியோ மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று இவன் போய் நின்றான். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், சாவு வீடென்றால் பிணமாக இருக்க வேண்டும், அந்த ரகம்.

லீலாக்காவைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அலமாரியில் இரண்டு பேருடைய வெள்ளி ஜிகினா கவுன்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. லீலாக்கா தன்னுடையதை எடுத்தாள்.

"ஆன்ட்டி, இதெல்லாம் வேணாம் லா. பட்டுச் சேலை, மல்லிப்பூ, நெத்தியில பெரிய பொட்டு. அப்பதான் பார்க்கிறவங்களுக்கு நீங்க இந்தியன்னு தெரியும்," என்றான்.

முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அவள் யாரென்று பொட்டைப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? கையிலிருந்த ஊசியை அவன் மேல் ஏற்றியிருப்பேன். லீலாக்கா கண்ணால் என்னை அடக்கினாள். சேலை கட்டுகிறேன், ஆனால் பாட்டை நான் சொல்கிறபடி விட வேண்டும், முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியை யாரும் தொடக் கூடாது என்றாள். அவன் போனைத் தடவிக்கொண்டே, "நோ ப்ராப்ளம் லா, ஆன்ட்டி," என்றான். காதில் வாங்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. லீலாக்காவுக்கும் தெரிந்திருக்கும். அந்த வட்டாரத்தில் வேறு மேடை இல்லையே.

அன்றைக்கு நானும் போனேன். பிளவுஸைக் கொடுத்துவிட்டு ஓடி வராமல் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். ஏழு மணி, இன்னும் வெளிச்சம் இருந்தது. லீலாக்கா சேலையைச் சரிசெய்துகொண்டே வந்து, கயிறு கட்டின பிளாஸ்டிக் பையில் வாங்கின காப்பியை ஒரு கோப்பைக்குள் நிறுத்தி, மூன்றாவது நாற்காலியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பொட்டலம் உப்புப் பிளம்ஸ். என் வரிசையில் இருந்த சீனக் கிழவிகள் தலையை ஆட்டினார்கள். மீன் உருண்டைக் கடைக்காரியை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சுரேந்தர் இருபத்தைந்து நிமிஷம் பேசினான். இசைக்கு மொழியில்லை. இசைக்கு இனமில்லை. நாம் எல்லோரும் ஒரே குடும்பம். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. ஹொக்கியனில் ஒரு வார்த்தை இல்லை. பக்கத்துக் கிழவி கொட்டாவி விட்டாள். பேசி முடித்து, மாலையும் கழுத்துமாக இறங்கி வந்தான். முதல் வரிசை முழுக்கக் காலி. முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. தனக்காகத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

நேராக மூன்றாவது நாற்காலி. காப்பியை எடுத்துத் தரையில் வைத்தான். பிளம்ஸ் பொட்டலத்தைப் பக்கத்து நாற்காலியில் போட்டான். உட்கார்ந்து கால் மேல் கால் போட்டபோது செருப்பு பட்டுக் காப்பி சாய்ந்து மண்ணில் ஓடியது. குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிணமாக இருக்க ஆசைப்படுகிறவன் என்றேனே, நிஜமாகவே போய்ச் செத்தவள் இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

முந்நூறு பேர் மூச்சை இழுத்தது கேட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வரிசைக்குக் கிட்டப் போக அவர்களுக்குப் பயம். பெரிய மனுஷனை எழுப்ப நமக்குப் பயம். நமக்கு என்ன நமக்கு, எனக்கு. கைக்கெட்டுகிற தூரத்தில் அவன் முதுகு. என் நீள வாய் எங்கே போயிற்று? அவனுடைய ஆள் ஒருவன் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தான்.

லீலாக்கா மேடைக்கு வந்தாள். கீழே பார்த்தாள். நாற்காலியில் சுரேந்தர், தரையில் காப்பி. கீபோர்டுக்காரன் வாசிக்கத் தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். லீலாக்கா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிற அதே குரலில், தமிழில் சொன்னாள்.

"தம்பி, அது ஆ கியோக் சீட்டு. அவ செத்துட்டா. எந்திரிங்க."

முதலில் சிரித்தான். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தான். முந்நூறு முகத்தில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. அவனுக்கு விஷயம் விளங்கியது. எறும்புப் புற்றில் உட்கார்ந்தவன் மாதிரித் துள்ளி எழுந்தான்.

"சீ, பேய் சீட்டா? முன்னாடியே சொல்றது இல்லையா?" என்று பின்பக்கத்தைத் தட்டித் தட்டித் துடைத்தான். சானிடைசர் வாங்கிக் கையில் ஊற்றித் தேய்த்தான். முழங்கை வரைக்கும் தேய்த்தான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொன்னவனுடைய கை அது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவன் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் எழுந்து எதிர் காப்பிக் கடைக்கு ஓடினேன். ஒரு கறுப்புக் காப்பி, பால் வேண்டாம், சீனி வேண்டாம் என்றேன். திரும்பி வந்து நாற்காலியைத் துப்பட்டாவால் துடைத்து, காப்பியை வைத்து, பிளம்ஸையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். என் மார்க்கத்துக்கு இது சரியா என்று கேட்டு இரண்டு பேர் பிற்பாடு வாட்ஸ்அப்பில் பாடம் எடுத்தார்கள். நான் வைத்தது படையல் இல்லை. கொட்டிப்போன காப்பிக்கு ஒரு காப்பி. உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் கொடுத்ததில்லை.

லீலாக்கா பாடினாள். முதல் வரி அவளுடையது. அது முடிந்ததும், எப்போதும் ஆ கியோக் நிற்கிற இடதுபக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டு நின்றாள். கீபோர்டுக்காரன் கையை எடுத்துவிட்டான். கிழவிகள் மடியில் இருந்த பைகளைக்கூட அசைக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த இடத்தில் என்ன வரி என்று அவர்களுக்குத் தெரியும். மொழி தெரியாத எனக்கும் தெரிந்தது. என் கடையில் எத்தனை தடவை கேட்ட குரல் அது! காதுக்குள் தானாக ஓடியது. சரியான நேரத்தில் லீலாக்கா தன் அடுத்த வரியை எடுத்தாள்.

இரண்டாவது தடவை அவள் நிறுத்தியபோது பின்னாலிருந்து கைதட்டல். பாட்டு முடிந்துவிட்டது என்று சுரேந்தர் தட்டுகிறான்! "வெரி குட், ஒன்ஸ் மோர்!" என்று கத்துகிறான். என் பக்கத்துக் கிழவி எழுந்து நின்று, திரும்பி அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அடங்கினான். மிச்ச மூன்று இடங்களிலும் யாரும் மூச்சு விடவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன். எனக்கு ஒரு வார்த்தை புரியாத பாட்டுக்கு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். பக்கத்துக் கிழவி டிஷ்யூ பாக்கெட்டை என் மடியில் வைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்து வீடியோ வந்தது. இசை இணைக்கிறது என்று பெரிய எழுத்தில் தலைப்பு. எழுபதாயிரம் பேர் பார்த்து இதயம் போட்டிருந்தார்கள். தாரணி பெருமையாக அனுப்பினாளாம். லீலாக்கா அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். இரண்டு பேரும் என் வெட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

முதலில் சுரேந்தர் பேச்சு. அப்புறம் லீலாக்காவின் பொட்டு, மல்லிப்பூ, வளையல். பாட்டு. ஒரு வரி முடிந்ததும் அவள் இடதுபக்கம் திரும்புகிற இடம் வந்தது. அங்கே சித்தாரும் தபலாவும் போட்டிருந்தார்கள். சும்மா இருந்த ஐந்து இடத்திலும் எங்கிருந்தோ கொண்டுவந்த சித்தார், தபலா. அதற்கு மேல் சுரேந்தர் கைதட்டுகிற படம். நாற்காலியைக் காணோம். காப்பியைக் காணோம்.

கண்றாவி! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். போன் போட்டுக் கேட்கிறேன், போலீஸுக்கு எழுதுகிறேன் என்று குதித்தேன். லீலாக்கா கத்தவில்லை. வீடியோவை ஆரம்பத்துக்குத் தள்ளி, அந்த முதல் இடத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் பாடினத வச்சிக்கிட்டாங்க, ரபியா. ஆ கியோக் பாடினத வெட்டிட்டாங்க," என்றாள்.

லீலாக்கா எழுந்து அலமாரியைத் திறந்து, தன் வெள்ளி கவுனை எடுத்துக் கொடுத்தாள். இடுப்பில் இறுக்குகிறது, அடுத்த வருஷத்துக்குள் கொஞ்சம் பிரித்துவிடு என்றாள். ஆ கியோக்கின் கவுன் அங்கேயே தொங்கட்டும் என்றாள். நான் மிஷினில் உட்கார்ந்து பக்கத் தையலைப் பிரித்து ஓட்டத் தொடங்கினேன். அவள் ஜன்னல் ஓரத்தில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தாள். வரி முடிந்தது. இடதுபக்கம் திரும்பினாள்.

நான் மிஷினை நிறுத்தினேன். ஆ கியோக்கின் வரி முடிகிற வரைக்கும் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.